மூக்கு வெளுத்த டத்தோ

அத்தியாயம் 3

டெங்கிலில் ஒரு வீட்டில் காட்டிய கினி பிக் என்ற வளர்ப்புப் பிராணியின் முகம் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. சனாவுல்லா குனிந்து, கேரட் துண்டு ஒன்றை நீட்டி, ரொம்ப மரியாதையாக அதனிடம் நலம் விசாரித்துக்கொண்டிருந்தார். கூண்டுக்குச் சொந்தக்காரப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்.

"அங்கிள், அது பின்பக்கம்லா."

"அதான் பதிலே வரல," என்றார் சனாவுல்லா, அசராமல். கேரட்டை மறுபக்கம் கொண்டுபோனார். அந்தப் பக்கம் உண்மையிலேயே ஒரு வாய் இருந்தது.

தலையிலிருந்து தரைவரை முடி வழிந்து முகத்தையே மூடிக்கொள்ளும் இந்த வகைக்குப் பெருவியன் என்று பெயராம். வெள்ளையும் கறுப்பும் கலந்த நிறம் என்பது சரிதான். ஆனால் மாதவி தேடிக்கொண்டிருந்தது குட்டை முடிக்காரனை. நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

அன்றைக்கு அது இரண்டாவது ஏமாற்றம். காலையில் பூச்சோங்கில் பார்த்ததற்குக் கன்னங்கள் கறுப்பு, நடுவில் வெள்ளைப் பட்டை, இடுப்புக்குக் கீழே மறுபடியும் கறுப்பு. டச்சு வகை என்றார்கள். சிலுவார் போட்டுக்கொண்டு சட்டையை மறந்துவிட்டு வந்தவன் மாதிரி இருக்கிறது என்றார் சனாவுல்லா.

சனாவுல்லா முக்கால் ஆயுளைக் கோலாலம்பூரில் டாக்சி ஓட்டிக் கழித்தவர். இப்போது மாதவியின் துப்பறியும் அலுவலகத்தில் ஓட்டுநர், காவல்காரர், தேநீர் வாங்கி வருபவர், எல்லாம் அவர்தான். அவருடைய காடிக்கு பிரேக் உண்டு. வாய்க்குக் கிடையாது. மாதவி இதற்கு முன் இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில் பொய்க் கோரிக்கைகளைப் பிடித்துக்கொடுக்கும் வேலையில் இருந்தாள். அங்கிருந்து விலகி, பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேலே அறை எடுத்து, தனியாகத் தொழில் தொடங்கினாள். தனியாக என்பது தொழிலுக்கு மட்டும் பொருந்தும் சொல் இல்லை. அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள், தம்பி மெல்பர்னில். ஒருநாள் தான் காணாமல் போனால் முதலில் தெரிந்துகொள்ளப்போகிறவர் சனாவுல்லாதான் என்று அவளுக்கு அவ்வப்போது தோன்றும். கீழே நின்று ஹார்ன் அடித்துப் பார்ப்பார், இறங்கி வராவிட்டால் மேலே ஏறி வருவார். அவ்வளவுதான் அவளுடைய பாதுகாப்பு ஏற்பாடு.

இப்போது காணாமல் போயிருப்பவர் ரெங்கசாமி. ரயில்வேயில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்தபின் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டில் தனியாக இருந்தார். ஒரே மகள் ஷாமினி வங்கியில் பெரிய பதவி, குடும்பம் ஷா ஆலாமில். பேரன் ரிஷி கேட்டானே என்று வாங்கிய கினி பிக், பேரனுக்குச் சலித்துப்போனதும் தாத்தாவிடம் வந்து சேர்ந்தது. வெள்ளை உடம்பு, கறுப்பு மூக்கு, கறுப்புக் காது, நாலு பாதமும் கறுப்பு. பளபளக்கும் சப்பாத்து போட்டுக்கொண்டு விருந்துக்குக் கிளம்பியவன் போல இருந்ததால் ரெங்கசாமி அதற்கு, பெரிய மனிதர்களுக்கு அரசு தரும் பட்டமான டத்தோ என்று பெயர் வைத்தார்.

ஷாமினி சொன்னது இதுதான். இரண்டு ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தாள். நன்றாக இருந்தார். அடுத்த ஞாயிறு போனபோது வீடு காலி. சில உடுப்புகளும் கூண்டும் இல்லை. அவர் போன் அடிக்கவே இல்லை. போலீஸ் லிஃப்டிலும் மாடிப்படியிலும் இருந்த கேமராவில் அந்த வாரம் முழுவதையும் ஓட்டிப் பார்த்தார்கள். கூண்டைத் தூக்கிக்கொண்டு எந்தக் கிழவரும் வெளியே போகவில்லை. கூண்டில்லாமலும் போகவில்லை. ஆள் வீட்டுக்குள்ளும் இல்லை, வெளியேயும் போகவில்லை.

அக்கம்பக்கத்தில் விசாரித்ததில் மாதவிக்கு மனசு கனத்துத்தான் போனது. வலது பக்கத்து வீடு சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக்கு விடுவது. முகங்கள் மாறிக்கொண்டே இருக்கும். இடது பக்கத்தில் நர்ஸ் வேலைக்குப் படிக்கும் தாதிமைக் கல்லூரிப் பெண்கள். அதில் ஒருத்தி கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள்: "அங்க ஒரு அங்கிள் இருந்தாரா, அக்கா?"

ஆள் ஒளிந்துகொள்ளலாம், கினி பிக்குக்குத் தினமும் புல் வேண்டும் என்று மாதவி கணக்குப் போட்டாள். வளர்ப்பவர்களின் ஃபேஸ்புக் குழுக்களில் டத்தோவின் படத்தைப் போட்டாள். அதற்கு வந்த பதில்கள்தான் பூச்சோங்கும் டெங்கிலும்.

காடிக்குள் ஏறி உட்கார்ந்ததும் அவள் மூன்றாவது பதிலைத் திறந்தாள். கிள்ளானில் வாணி என்ற ஆசிரியை, கைவிடப்பட்ட கினி பிக்குகளை எடுத்து வளர்ப்பவர், ஒரு படம் அனுப்பியிருந்தார். படத்துக்குக் கீழே ஷாமினி ஏற்கெனவே எழுதிவிட்டாள், இது எங்களுடையது இல்லை, டத்தோவின் மூக்கு கன்னங்கரேல் என்று இருக்கும் என்று. படத்தில் இருந்ததற்கு மூக்கில் லேசாகச் சாம்பல் பூசியது போலத்தான் இருந்தது. காதும் அப்படியே.

மாதவி படத்தை விரலால் விரித்தாள். பிறகு பழைய படத்தை. மறுபடி இதை.

"கிள்ளானுக்கு விடுங்கண்ணே."

"சொந்தக்காரம்மாவே இல்லன்னுட்டாங்களே?"

"நெத்தியில ஒரு சுழி இருக்கு பாருங்க. ரெண்டுலயும் இருக்கு. ரெண்டும் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி இருக்கு."

சனாவுல்லா காடியை முடுக்கினார். போகும் வழியில், தன் அத்தா காலத்தில் இந்தப் பிராணியை வீட்டுக்குள் விட்டிருப்பார்களா என்று யோசித்துக்கொண்டு வந்தார். பெயரிலேயே பிக் இருக்கிறதே. நல்லவேளை, மலாய்க்காரன் இதற்கு தீக்குஸ் பெலாண்டா, ஒல்லாந்துக்கார எலி, என்று பெயர் வைத்து எல்லாருடைய மானத்தையும் காப்பாற்றிவிட்டான் என்றார். மாதவி சிரித்தாள். ஆனால் கண்ணை போனிலிருந்து எடுக்கவில்லை.

வாணியின் வீடு கிள்ளானில் ரயில் பாதைக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு தாமான் குடியிருப்பில் இருந்தது. அறிவியல் ஆசிரியை. ஐம்பதை நெருங்கியவர். கூடத்தில் சோபா இருக்க வேண்டிய இடத்தில் கம்பி வேலி போட்டு, தரையில் துணி விரித்து, உள்ளே ஒரு சின்னக் கூட்டத்தையே வைத்திருந்தார். உடம்பெல்லாம் சுழி சுழியாக, தூங்கி எழுந்த தலையோடு ஒன்று, அது அபிசீனியன். முகத்தை விட்டுவிட்டு முடி பின்பக்கமாக வழுக்கிப் போகும் ஒன்று, அது ஷெல்ட்டி. டெங்கிலில் பார்த்த பெருவியனுக்கும் இதற்கும் அதுதான் வித்தியாசம், அதற்கு முடி முன்னால் விழும், இதற்குப் பின்னால் போகும் என்றார் வாணி.

"டத்தோ," என்று சனாவுல்லா கூப்பிட்டுப் பார்த்தார். எல்லாத் தலைகளும் ஒன்றாகத் திரும்பின.

"மலேசியாவுல டத்தோன்னு கூப்பிட்டா எல்லாந்தான் திரும்பும்," என்றார் அவரே.

வாணி மூலையிலிருந்து ஒன்றைத் தூக்கி வந்து மாதவியின் மடியில் வைத்தார். சூடாக, கனமாக, கொஞ்சம் நடுங்கிக்கொண்டு இருந்தது. சிவப்புக் கண்கள். வழவழவென்று படிந்த குட்டை முடி. நெற்றியில் மட்டும், இடப்பக்கம் கொஞ்சம் தள்ளி, பூ விரிந்தது போல ஒரு சுழி. மூக்கில் சாம்பல் தடவியது போல ஒரு நிழல்.

மாதவி பழைய படத்தைக் காட்டினாள். வாணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தையும் மடியில் இருப்பதையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுதான் அது," என்றார்.

"மூக்கு?"

"நீங்க நெறத்தப் பாக்கிறீங்க. ஆளக் கண்டுபிடிக்க முடியோட போக்கப் பாக்கணும். சுழி பிறக்கும்போது வந்தது, எடம் மாறாது. இந்த நெறம் மாறும். எல்லாத்துக்கும் இல்ல, இந்த ஹிமாலயனுக்கு மட்டும்."

பாடம் நடத்துகிற பழக்கத்தில் அவர் விளக்கிக்கொண்டே போனார். ஹிமாலயன் பிறக்கும்போது முழு வெள்ளை. வளர வளர, உடம்பில் குளிர்ச்சியான இடங்கள் மட்டும் கறுக்கும். மூக்கு, காது, பாதம். சியாமீஸ் பூனைக்கு நடப்பதுதான் இதற்கும். குளிரான இடத்தில் வளர்த்தால் கரிபோல ஆகும். சூட்டில் வைத்தால் வெளுத்துக்கொண்டே வந்து, கடைசியில் சாதாரண வெள்ளை என்றே ஏமாந்துவிடுவோம்.

மாதவிக்கு ஷாமினி குறைபட்டுக்கொண்டது ஞாபகம் வந்தது. அப்பா இந்தப் பிராணிக்காகப் படுக்கையறையில் இராப்பகலாக ஏர்கோன் போட்டுவிட்டு, தான் கூடத்தில் காற்றாடிக்குக் கீழே படுப்பாராம்.

"உங்க வீட்டுக்கு வந்த பிறகா வெளுத்துச்சு?"

இல்லை என்றார் வாணி. போன வாரத்துக்கு முந்தின வாரம்தான் வந்தது. வந்த அன்றைக்கு எடுத்த படத்திலும் மூக்கு இப்படியேதான் இருந்தது.

"மூக்கு இந்த அளவுக்கு வெளுக்க எவ்வளவு நாள் ஆகும், டீச்சர்?"

"நாள் கணக்குல ஆகாது. பழைய முடி உதிர்ந்து புது முடி முளைக்கணும். மாசக்கணக்கு ஆகும்."

மாதவி மனசுக்குள் நாட்களை எண்ணிப் பார்த்தாள். மடியில் இருந்த டத்தோ அவள் சட்டைப் பொத்தானைக் கடித்துப் பார்த்தது.

இரண்டு ஞாயிறுக்கு முன்னால் அப்பாவுக்குச் சாப்பாடு கொடுத்தேன் என்று மகள் சொல்கிறாள். அப்போது இந்தக் கினி பிக் ஏர்கோன் அறையில் இருந்திருக்க வேண்டும். இதன் மூக்கோ, பல மாதமாக எங்கேயோ வெயிலில் வெந்த கதையைச் சொல்கிறது. வீட்டைப் போய்ப் பார்த்த நாளில் தன்னை உறுத்திய ஒன்று அவளுக்கு இப்போது பிடிபட்டது. வீடு அவ்வளவு சுத்தமாக இருந்தது. கினி பிக் வளர்த்த வீட்டில் ஒரு துரும்புப் புல்கூட இல்லை. கொஞ்சம் ஒதுக்கி வைத்தேன் என்று ஷாமினி சொன்னாள்.

அவள் டத்தோவை வாணியிடம் கொடுத்துவிட்டு, வாசலுக்கு வந்து, ஷாமினியைக் கூப்பிட்டாள். சனாவுல்லா கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்.

"ஷாமினி, உங்கப்பாவ கடைசியா எப்ப பாத்தீங்க?"

சொன்னேனே என்று ஆரம்பித்தாள் அவள். மாதவி குறுக்கிடாமல் காத்திருந்தாள். ஒரு ரயில் கடந்து போனது. போனில் அந்தப் பக்கம் அலுவலக அறையின் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது.

"தீபாவளிக்கு," என்றாள் ஷாமினி.

தீபாவளி போய், தைப்பூசம் போய், சீனப் பெருநாளும் போய்விட்டது.

அதன் பிறகு அவள் நிறுத்தவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் போன் பேசினாளாம். பெரும்பாலும் காடி ஓட்டிக்கொண்டே. வீட்டுலதான்மா இருக்கேன் என்பாராம். பின்னால் லோரி சத்தம் கேட்கும். டிவி என்று நினைத்துக்கொண்டாள். போன் நின்றுபோனதும் ஓடிப்போய்க் கதவைத் திறந்தால், மேசைமேல் விரலால் பெயர் எழுதலாம் போலத் தூசி. ஃபிரிட்ஜ் அணைத்து, கதவு திறந்து கிடந்தது. எத்தனை மாதம் என்று அவளுக்கே தெரியவில்லை. அந்தத் தூசியைப் போலீஸ் பார்த்துவிடக் கூடாது என்று தோன்றியதாம். உட்கார்ந்து, வீடு முழுவதையும் துடைத்துவிட்டுத்தான் போலீஸைக் கூப்பிட்டாள்.

கேமராவில் ஆள் தெரியாததன் மர்மம் அவ்வளவுதான். அவர் வெளியேறிய பதிவு எப்போதோ அழிந்துபோயிருந்தது.

"கிள்ளானுக்குப் புறப்பட்டு வாங்க," என்று சொல்லி மாதவி போனை வைத்தாள். அவளுக்குக் கோபம் வரவேண்டும் போல இருந்தது, வரவில்லை. மெல்பர்னில் இருக்கும் தம்பி கடைசியாகக் கூப்பிட்டது எப்போது என்று யோசித்துப் பார்த்தாள். தான் கூப்பிட்டது எப்போது என்றும்.

"டத்தோவுக்கு மூக்கு வெளுத்துச்சு, மகளுக்கு முகம் வெளுத்துருக்கும்," என்றார் சனாவுல்லா. சொன்ன பிறகு அவருக்கே அது நன்றாகப் படவில்லை. தலையைச் சொறிந்துகொண்டார்.

கொண்டுவந்து விட்டவர் யார் என்று வாணியிடம் கேட்டார்கள். மெலிந்த, உயரமான ஒரு பெரியவர். ஒரு கால் செருப்புக்குள் நுழையாத அளவுக்கு வீங்கி, துணி சுற்றியிருந்தது. ஜாகா என்று சொல்லும் காவல்காரர் உடுப்புப் போட்ட நேப்பாளி ஒருவன் மோட்டாரில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டி வந்தான். சாமி என்று மட்டும் பெயர் சொன்னார். இருக்கிற இடத்தில் சூடு தாங்காமல் இவனுக்கு மூச்சு வாங்குகிறது, கொஞ்ச நாள் வைத்திருங்கள் என்றார். பெயர் என்ன என்று கேட்டதற்கு, நீங்களே ஒன்று வைத்துவிடுங்கள் என்றார். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். வரவில்லை.

"பேரு சொல்லாதப்பவே நான் கேட்டுருக்கணும்," என்றார் வாணி.

கூண்டோடு ஒரு அரிசிச் சாக்கும் வந்திருந்தது. அடியில் விரிப்பதற்கான மரச்சீவல். மாதவி கையை விட்டு ஒரு பிடி எடுத்தாள். கடையில் பொட்டலமாக விற்கும் சீவல் இல்லை. வெளிறிய மஞ்சளில், நாடா நாடாவாகச் சுருண்டு, லேசாகப் புளித்த வாடை அடித்தது. இந்த வாடை அவளுக்குப் பழக்கம். இன்சூரன்ஸ் வேலையில் இருந்தபோது தீப்பிடித்த நாற்காலித் தொழிற்சாலை ஒன்றின் கோரிக்கையை விசாரிக்கப் போய், ஒரு வாரம் தலைமுடியிலிருந்து இந்த வாடை போகவில்லை. ரப்பர் மரம்.

"நாற்காலி செய்யிற ஃபேக்டரி. ஜாகா வேலை. தகரக் கூரை." அவள் கையைத் தட்டிக்கொண்டாள். "மேருவுக்குப் போவோம்ணே."

"மேருவுல நாற்காலி ஃபேக்டரி எத்தனை இருக்கு தெரியுமா, தங்கச்சி? உக்கார ஆளுதான் கெடையாது."

மேருவின் தொழிற்பேட்டைச் சாலைகளில் லோரிகளுக்கு நடுவே ஊர்ந்தார்கள். ஒவ்வொரு கேட்டிலும் சனாவுல்லா கண்ணாடியை இறக்கி, தமிழ்ப் பெரியவர் ஒருவர் ஜாகாவாக இருக்கிறாரா என்று மலாயில் விசாரித்தார். சில இடத்தில் விரட்டினார்கள். சில இடத்தில் வேலைக்கு வந்தவர் என்று நினைத்து அவரையே ஏற இறங்கப் பார்த்தார்கள். வெயில் சாயத் தொடங்கியபோது, ஒரு முட்டுச் சந்தின் கடைசியில் இருந்த கேட்டில், ஒரு நேப்பாளி ஜாகா கேள்வி முடிவதற்குள் வெளியே வந்துவிட்டான்.

"பாக்சிக்கோட சொந்தமா?" என்று மலாயில் கேட்டான். பாக்சிக் என்றால் மாமா, பெரியவர். அவன் பெயர் தாமாங்.

காவல் கூண்டு காடி நிறுத்தும் இடத்தைவிடச் சின்னது. மேலே தகரம். உள்ளே நுழைந்ததும் மாதவிக்கு நெற்றி வியர்த்தது. ஒரு மடக்குக் கட்டில், ஒரு மேசைக் காற்றாடி. காற்றாடி கட்டிலைப் பார்த்து வைக்கப்பட்டிருக்கவில்லை. தரையில் ஒரு மூலையைப் பார்த்துக் குனிந்திருந்தது. அந்த மூலையில் இப்போது நாலைந்து சுருள் சீவல்கள் மட்டும் கிடந்தன.

தாமாங் சொன்னது கொஞ்சம். பாக்சிக் வந்து ரொம்ப மாதமாகிறது. பகல் முறை அவருக்கு, இரவு முறை இவனுக்கு. அவருக்கு இனிப்பு நீர், சர்க்கரை வியாதி. காலில் ஆணி குத்தியதைச் சொல்லாமல் விட்டுவிட்டார். ஒருநாள் கேட்டைத் திறக்கப் போனவர் கேட்டைப் பிடித்தபடியே சரிந்துவிட்டார். கிள்ளான் ஆஸ்பத்திரியில் சேர்த்தது இவன்தான். போன் விழுந்து உடைந்துபோனது. யாரிடம் சொல்லட்டும் என்று கேட்டதற்கு, தனக்கு ஆள் யாரும் இல்லை என்று சொல்லிவிட்டாராம். வேலைக்கு வருவதற்கு முன் தினமும் போய் அவருக்குச் சவரம் செய்துவிட்டு வருகிறான்.

"ஒங்கூட பேசுவாரா?" என்று சனாவுல்லா கேட்டார். அவர் குரலில் வழக்கமான குறும்பு இல்லை.

தாமாங் முதல்முறையாகச் சிரித்தான். நிறுத்தவே மாட்டார் என்றான். தன்னோடு மட்டும் இல்லை, லோரிக்காரர்கள் ஒவ்வொருவரோடும். எவன் பெண்டாட்டிக்கு எத்தனாவது மாதம், எவன் மகன் எந்தப் பள்ளி, எல்லாம் அவருக்குத் தெரியும்.

கேட்டை இன்னொரு ஜாகாவிடம் விட்டுவிட்டுத் தாமாங்கும் கூட வந்தான். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மாலைப் பார்வை நேரம் தொடங்கியிருந்தது. மேருவிலிருந்தே மாதவி போனில் தகவல் சொல்லியிருந்ததால் ஷாமினி வார்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அலுவலக உடுப்பு, கழுத்தில் இன்னும் வங்கியின் அட்டை. மாதவிக்கு முன்பே வந்துவிட்டாளாம். உள்ளே போகவில்லை.

"முதல்ல நீங்க போய்ப் பேசுங்க," என்றாள்.

வார்டில் எல்லாக் கட்டிலையும் சுற்றி ஆட்கள். மாம்பழம் நறுக்கிக் கொடுப்பவர்கள், காலைப் பிடித்துவிடுபவர்கள், சண்டை போடுகிறவர்கள். கடைசிக் கட்டிலில் மட்டும் நாற்காலி மடித்துச் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. ரெங்கசாமி அந்தக் கூட்டத்தைப் பார்த்தபடி படுத்திருந்தார். கட்டுப் போட்ட கால் தலையணைமேல் இருந்தது. முகம் நன்றாகச் சவரம் செய்யப்பட்டு மழமழவென்று இருந்தது.

மாதவி நாற்காலியை விரித்து உட்கார்ந்து, தான் யார் என்று சொன்னாள். டத்தோ நன்றாக இருக்கிறான் என்று சொன்னாள். அவர் தலையசைத்தார். ஆளைத் தேடிக் கண்டுபிடிப்பது ஒரு தொழிலா என்று ஆர்வமாகக் கேட்டார். லோரிக்காரர்களிடம் கேட்பது போலவே எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று விசாரித்தார். பிள்ளைகள் இல்லை, கல்யாணம் ஆகவில்லை என்று மாதவி சொன்னாள். வேறு யாராவது கேட்டால் அவளுக்குச் சுருக்கென்றிருக்கும். இவர் கேட்டது அப்படி இல்லை.

ஏன் வீட்டை விட்டுப் போனீர்கள் என்று அவள் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவரே சொன்னார். பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் காலையில் எழுந்தால் இரவுவரைக்கும், ஃபிரிட்ஜைத் திறக்கும்போது டத்தோ போடும் சத்தம் மட்டும்தான். கடையில் சாமான் வாங்கினால்கூட இப்போது யாரும் வாயைத் திறப்பதில்லை, கார்டைக் காட்டிவிட்டுப் போகலாம். ஒருநாள் தன் குரலே அடைத்துப்போயிருந்தது. அன்றைக்குத்தான் ஜாகா வேலைக்கு ஆள் தேவை என்று எங்கோ ஒட்டியிருந்ததைப் பார்த்தாராம்.

"கேட்டுல உக்காந்தா, எங்கிட்ட பேசாம ஒருத்தனும் உள்ள போக முடியாதும்மா," என்றார்.

மாதவி கட்டிலோரம் சரிந்திருந்த போர்வையை எடுத்து அவர்மேல் போட்டாள்.

மகளிடம் சொல்லியிருக்கலாமே என்றாள் கடைசியில். அவர் சிரித்தார். சொல்லத்தான் நினைத்தாராம். வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு அவள் கேட்பாள், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று முதல் ஞாயிறு காத்திருந்தார். பிறகு அடுத்த ஞாயிறு. அப்புறம் அது ஒரு பழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு வாரமும் போனில் வீட்டுலதான் இருக்கேன் என்று சொல்லும்போது, இல்லையே, நான் இப்ப வீட்டு வாசல்லதான் நிக்கிறேன் என்று சொல்லிவிடுவாளோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளுமாம்.

"நான் போனது அவளுக்கு எப்ப தெரிஞ்சது?" என்றார்.

மாதவியிடம் இரண்டு பதில்கள் இருந்தன. ஷாமினி போலீஸுக்குச் சொன்னது ஒன்று. டத்தோவின் மூக்கு சொன்னது ஒன்று. முதலாவதைச் சொல்லிவிட்டால் இந்த மனிதர் இன்று இரவு நிம்மதியாகத் தூங்குவார். அவள் வாயைத் திறப்பதற்குள் பின்னால் குரல் வந்தது.

"இப்பத்தாம்பா."

ஷாமினி எவ்வளவு நேரமாக அங்கே நின்றாளோ தெரியாது. கழுத்து அட்டையைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தாள். பொய்யையும் அவளே சொன்னாள், தூசியைத் துடைத்ததையும் சொன்னாள். குரலை உயர்த்தாமல், ஒவ்வொன்றாக. ரெங்கசாமி மகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

மாதவி எழுந்து நாற்காலியை விட்டுக்கொடுத்தாள். ஷாமினி உட்காரவில்லை. அந்த நாற்காலிக்கும் கட்டிலுக்கும் இடையில் ஒரு கையளவு இடம்தான் இருந்தது. அவள் அதைத் தாண்டவில்லை. சனாவுல்லாவும் தாமாங்கும் கட்டிலின் கால்மாட்டில் வந்து நின்றார்கள்.

மலாய்த் தாதி ஒருவர் வேகமாக வந்தார். நாளைக்குக் காலையில் டாக்டர் காலைப் பற்றி முடிவு செய்யவேண்டும், விரல் ஒன்றை எடுக்க வேண்டி வரலாம், வீட்டு ஆள் ஒருவர் இருந்து பேசியாக வேண்டும் என்றார். தாமாங்கைப் பார்த்தார், சனாவுல்லாவைப் பார்த்தார், மாதவியைப் பார்த்தார். தனக்கு யாரும் இல்லை என்றுதான் ரெங்கசாமி இதுவரைக்கும் வார்டில் சொல்லியிருந்தார்.

"வாரிஸ் யாரு? நெருங்கின சொந்தம் யாரு?" என்றார் தாதி.

ஷாமினி தரையைப் பார்த்தாள். கழுத்து அட்டையை இன்னும் ஒரு சுற்றுச் சுருட்டினாள். மூன்று பேரும் காத்திருந்தார்கள். பக்கத்துக் கட்டிலில் யாரோ ஒரு குழந்தை பாட்டில் தண்ணீரைக் கொட்டிவிட்டு அடி வாங்கியது.

ரெங்கசாமி சுவரிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. போர்வைக்கு வெளியே கையை மட்டும் நீட்டி, மகள் நின்ற திசையைக் காட்டினார்.

"அனாக் சாயா," என்றார் தாதியிடம். என் பிள்ளை.

நீட்டிய கையை அவர் மடக்கிக்கொள்ளவில்லை. ஷாமினி நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டுப் போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.